தலைமாட்டுப் பச்சிலை

டிசம்பர் 7

இன்றும் தொட்டிகளை நானேதான் தெருவுக்கு இழுத்துப் போனேன். முழங்கால் இரண்டும் கத்தின. கத்தட்டும். துண்ணூத்துப் பச்சிலைக்குக் காலை வெயில் வேண்டும். உச்சி வெயில் இலையைச் சுட்டுவிடும், சாயங்கால வெயில் ஒன்றுக்கும் உதவாது. காலை வெயில் என் கொல்லைக்கு வராது. கிழக்கே சுவர் இருக்கிறது.

அந்தச் சுவரைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் தினமும் நோட்டைத் திறக்கிறேன். முடியவில்லை. வீட்டைப் பாகம் பிரித்தபோது மச்சு உள்ள பாதி அண்ணனுக்கு, ஓட்டுச் சாய்ப்பு தம்பிக்கு என்று பேசி முடித்தார்கள். சரி என்றோம். அதுவும் போதாமல், நடுக்கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவரை எழுப்பினார் அண்ணன்காரர். எதற்கு? என் கோழி அந்தப் பக்கம் போய்க் கிளறியதாம். கோழி செத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சுவர் நிற்கிறது.

இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர் என்றால் என் கணவர். "அண்ணன் கட்டுறாரு, விடு ஜெய்த்தூனு" என்றார். மறுநாளிலிருந்து காலையில் தொட்டிகளைத் தெருவுக்குத் தூக்கி வைப்பதும், வெயில் ஏறியதும் உள்ளே வைப்பதுமாக இருந்தார். படுக்கையில் விழும்வரை அதைச் செய்தார். போன ரம்ஜானுக்கு முன்னால் அண்ணன்காரர் மவுத்தானார். சந்தைக்குப் போக யாரோ கூப்பிட்டது போல இவரும் பின்னாலேயே போய்விட்டார்.

டிசம்பர் 9

பூக்கதிர்களைக் கிள்ளினேன். வீட்டில் இருக்கும் பச்சிலையைப் பூக்க விடுவதில்லை. பூக்க விட்டால் இலை சிறுத்துவிடும், தண்டு கட்டையாகிவிடும், செடிக்குக் கிழடு தட்டிவிடும். கதிர் தலை காட்டினவுடன் அதற்கு இரண்டு கணு கீழே கிள்ள வேண்டும். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வரும்.

இவரை அடக்கிய கபரில் இருப்பதை மட்டும் கிள்ளக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பூக்கத்தான் வேண்டும். காய்ச்சலில் கிடந்தபோது இவர் கேட்டது அது ஒன்றுதான். "என் தலைமாட்டுல உன் பச்சிலை ஒண்ணு நின்னாப் போதும். தேனீ வரும்ல, சத்தம் கேட்டுக்கிட்டே கெடப்பேன்." காய்ச்சலில் உளறுகிறார் என்று அதட்டினேன்.

டிசம்பர் 12

ஜும்ஆ முடிந்து லத்தீப் வந்தான். கபர்ஸ்தானில் குழி வெட்டுகிறவன். வெளியூர்க்காரன், இவர் போன பிறகுதான் இங்கே வேலைக்கு வந்தான். டீயும் பொறையும் கொடுத்தேன்.

"எப்படிடா இருக்கு செடி?"

"காடு மாதிரி நிக்குதும்மா. கிட்டப் போனாலே வாசம் தூக்குது. பெரிய பெரிய ஆளுக கபருக்கெல்லாம் இல்லாத செழிப்பு. போறவன் வாரவன் எல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போறாங்க."

"தண்ணி எப்ப ஊத்துற?"

"மத்தியானம் சோறு திங்க வாரப்ப..."

"மத்தியானமா! வேரை அவிக்கவா? விடிகாலைல ஊத்து. தலையில ஊத்தாத, அடியில ஊத்து."

"சரிம்மா, சரிம்மா" என்றான். இவன் சரி என்றால் சரியில்லை என்று அர்த்தம். ஆனாலும் செடி நிற்கிறதே, அது என் மண்ணும் என் கை நாற்றும். இவன் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

நான் போய்ப் பார்க்க வழியில்லை. எங்கள் ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. முதல் நாற்றைக் கொடுத்தபோது இவர் போன துக்கத்துக்கு இத்தாவில் வேறு இருந்தேன், வீட்டு வாசலைக்கூடத் தாண்டக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்றுதான் இவனுக்குச் சொன்னேன்: வேப்ப மரத்துக்குக் கிட்டே மச்சுவீட்டு ராவுத்தர் கபர் எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள் என்று. மச்சு அந்தப் பக்கம் போய்விட்டால் பேரும் போய்விடுமா? இவரும் மச்சுவீட்டில் பிறந்தவர்தான்.

டிசம்பர் 14

தொட்டிக்குச் செம்மண், மக்கின சாணம், கொஞ்சம் ஆற்று மணல். கலந்து வைத்தேன். கை எரிகிறது.

டிசம்பர் 17

பனி. இலை அடியில் மஞ்சள். தண்ணீரைக் குறைக்க வேண்டும். சுவர் ஓரத்து மண் காயவே மாட்டேன் என்கிறது. காரணம் எழுத வேண்டியதில்லை.

டிசம்பர் 21

மனசு ஆறவில்லை, எழுதிவிடுகிறேன்.

காலையில் கொல்லையில் தண்டு வெட்டி டம்ளர் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தேன். வேர் விடுவதற்கு. சுவருக்கு அந்தப் பக்கம் சுபைதா போனில் பேசுகிறாள். சுபைதா அண்ணன்காரரின் மனைவி. சுவர் எழுந்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அவளுக்குக் காது மந்தம், அதனால் போனை ஒலிபெருக்கியில்தான் போடுவாள். ஊருக்கே கேட்கும்.

"அன்வரு, உங்க அத்தா கபரு பச்சப் பசேல்னு நிக்குதாம்டா. பச்சிலை பூத்துக் குலுங்குதாம். பள்ளிவாசல் மோதினார் சம்சாரம் வந்து சொல்லுச்சு. நீதானப்பா யாருக்கிட்டயோ சொல்லி வச்சிருக்க?"

சார்ஜாவிலிருந்து அவள் மகன் குரல் வந்தது. கொஞ்சம் தயங்கித்தான் வந்தது.

"ஆமாம்மா. சொல்லியிருக்கேன்."

"நல்லாருப்பாய்யா. என் வயிறு குளுந்துபோச்சு."

பச்சிலையாமே, பச்சிலை! இந்தத் தெருவில் பச்சிலை வளர்க்கிறவள் நான் ஒருத்தி. நான் இவருக்கு வைத்தால் உடனே அவர்களும் அண்ணன்காரருக்கு வைக்க வேண்டும். ஒன்றையாவது நான் மட்டும் வைத்துக்கொள்ள விடுவார்களா? அதுசரி, கன்று எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரியாதா? காலையில் தெருவில் தொட்டிகள் இருக்கும்போது போகிற போக்கில் ஒடித்திருக்கிறார்கள். ஒரு கொப்பு போதும், டம்ளரில் வைத்தால் வேர் விட்டுவிடும்.

அன்வர் என் மடியில் கிடந்தவன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பொழுது விடிந்தால் முட்டைக்கு என் அடுப்படியில் வந்து உட்காருவான். சுவர் வந்தபிறகு வரவில்லை. வர விடவில்லை.

டிசம்பர் 22

தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தேன். ஒரு ஆடு மட்டும் வந்தது. விரட்டினேன்.

டிசம்பர் 26

லத்தீப்பை உட்கார வைத்துக் கேட்டேன்.

"நெசத்தச் சொல்லு. எங்க வீட்டுக்காரர் கபருக்குப் பக்கத்துலயே இன்னொரு கபர்ல பச்சிலை வச்சிருக்கியா? சார்ஜாக்காரன் சொன்னானா?"

"எந்த சார்ஜாக்காரன்? எனக்கு ஒருத்தரையும் தெரியாதும்மா. அந்த வரிசையிலயே பச்சிலை இருக்கிறது ஒரே ஒரு கபர்தான். நீங்க குடுத்தது."

அவ்வளவுதான். அப்படியானால் சுபைதா பொய் சொல்லியிருக்கிறாள், அல்லது மோதினார் சம்சாரம் இவர் கபரைப் பற்றிக் கேள்விப்பட்டு, பாவம் இந்தக் கிழவி சந்தோஷப்படட்டும் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறாள். அன்வரோ கேட்டதும் ஆமாம் என்றுவிட்டான். எல்லாமே பொய்.

போகும்போது லத்தீப் கேட்டான்.

"அம்மா, நம்ம கபருக்கு மேக்கால ஒட்டின மாதிரி ஒரு கபரு இருக்கு. நெருஞ்சி மண்டிக் கெடக்கு. கால வைக்க முடியல. பச்சிலை நெழல் வேற அதுமேல விழுகுது. யாரும் பாக்காத கபரு போல. வெட்டி விட்டுரவா?"

எனக்குத் தெரியும் அது யார் என்று. அண்ணன் தம்பி இரண்டு பேரையும் அடுத்தடுத்துத்தான் வைத்தார்கள் என்று அன்றே சொன்னார்கள்.

"நீ ஏண்டா வெட்டணும்? அவங்களுக்கு மகன் இல்லையா? சார்ஜாவுல இருந்து வந்து புடுங்கட்டும். ஒரு முள்ளத் தொடக் கூடாது நீ. என் செடியப் பாரு, அது போதும்."

"பாவம்மா..."

"என்ன பாவம்? எனக்கு வெயிலே இல்லாமப் பண்ணாங்க. இப்ப என் செடி நெழல்ல கெடக்கட்டும்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். இன்று ராத்திரி நன்றாகத் தூங்குவேன்.

ஜனவரி 2

மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து இலைக்கு அடியில் துணியால் துடைத்தேன். ஒவ்வொரு இலையாக.

ஜனவரி 4

மறுபடியும் துடைத்தேன்.

ஜனவரி 9

லத்தீப் ஒரு பூக்கதிர் ஒடித்துக் கொண்டுவந்தான், நான் நம்பாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று. ஒரு முழம் இருந்தது. வெள்ளைப் பூ, அடியில் கத்தரிப்பூ நிறம் லேசாக. என் வீட்டில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கதிரை நான் பார்த்ததில்லை. வெயில் கிடைத்தால் இந்தச் செடி என்னவெல்லாம் செய்யும் என்று இன்றுதான் தெரிந்தது.

கசக்காமல் முகர்ந்தேன். என் செடிதான். என் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. செடி சாகும், அதற்கு முன்னால் கொப்பை வெட்டி வேர் விட வைத்துவிடுவேன். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக இத்தனை காலம் வந்திருக்கிறது. பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருமுறை, "துண்ணூத்துன்னா திருநீறு, அப்படிச் சொல்லாதீங்கம்மா, ரைஹான்னு சொல்லுங்க" என்றார். என் அம்மா துண்ணூத்துப் பச்சிலை என்றாள். செடியும் அந்தப் பேரில்தான் வளர்ந்திருக்கிறது. இனிமேல் புதுப் பேர் எதற்கு?

கதிரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விதைக்காக.

பராஅத் இரவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அன்று ஊர் ஆண்கள் எல்லாரும் கபர்ஸ்தானுக்குப் போய் அவரவர் வீட்டு மையித்துகளுக்கு ஓதுவார்கள். இவருக்கு ஓத மகன் இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் முழுக்க இவர் கபரைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசம் நிறுத்தும். நின்றவன் ஒரு பாத்திஹா ஓதாமலா போவான்? அதற்குத்தான் இத்தனையும். பூக்கிறது, பூக்கட்டும்.

ஜனவரி 12

தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்த வாசத்தில் இவர் வந்து திண்ணென்று உட்கார்ந்த மாதிரி இருந்தது. விழித்துப் பார்த்தால் பூனை.

ஜனவரி 16

லத்தீப் வந்தான். கையெல்லாம் கறுப்புப் பெயிண்ட்.

"பராஅத்து வருதுல்ல, கல்லுல எல்லாம் பேர் அழிஞ்சு கெடக்கு, புதுசா எழுதுன்னு செயலாளர் சொல்லிட்டாரு. மொதல்ல உங்க வீட்டுக்காரர் பேரத்தான் எழுதினேன். அழகா வந்துருக்கு. சேக் தாவூது ராவுத்தர்."

ஜனவரி 17

தொட்டிகளை வெளியே எடுக்கவில்லை.

ஜனவரி 18

சேக் தாவூது அண்ணன்காரர்.

சுவர் கட்டியவர். என் கோழியைக் கல்லால் அடித்தவர். என் கையால் நான் கிள்ளாமல் பூக்க விட்ட ஒரே செடி அந்த மனிதரின் தலைமாட்டில் நின்றிருக்கிறது. நான் சலித்துக் கலந்த மண், விடிகாலைத் தண்ணீர் எல்லாம் அங்கே. பொறையும் டீயும் கொடுத்து வளர்த்திருக்கிறேன்! தேனீ சத்தம் அவருக்குக் கேட்கிறதாம். சுபைதாவுக்கு வயிறு குளிர்கிறதாம்.

லத்தீப்பைத் திட்டினேன். அவன் சொல்கிறான்: "மச்சுவீட்டு ராவுத்தர் கபர் எதுன்னு ஊர்ல நாலு பேரக் கேட்டேன்மா. நாலு பேரும் இதத்தான் காட்டினாங்க." நாலு பேரும்! மச்சோடு பேரையும் சேர்த்து அந்தப் பக்கம் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டது இந்த ஊர். எனக்கு ஒருவர் சொல்லவில்லை.

இன்னொன்று. கிழக்கே இருப்பது அவர், மேற்கே இருப்பது இவர். செத்த பிறகும் அந்த மனிதர் கிழக்குப் பக்கம் படுத்துக்கொண்டு இவருக்குக் காலை வெயிலை மறைக்கிறார். மறைப்பது என் செடி.

மேற்கே இருக்கும் கபரைப் பற்றி லத்தீப் முன்பு கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே மறுபடியும் எழுத வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் இருக்கிறது. வேண்டுமென்றால் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நான் புரட்ட மாட்டேன்.

ஜனவரி 19

சுபைதாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உன் மகன் ஒன்றும் செய்யவில்லை, அது என் செடி, தப்பான இடத்தில் நிற்கிறது, பிடுங்கப் போகிறேன் என்று. தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போய் அவள் வாசல் கதவைத் தட்டினேன். சுவர் வந்தபிறகு அந்தக் கதவை நான் தட்டியதில்லை.

சுபைதா வந்து பார்த்தாள். மிகவும் மெலிந்திருக்கிறாள். முக்காடு நழுவிக் கிடந்தாலும் கவனிக்காத ஆளாகிவிட்டாள். கண்ணை இடுக்கிக்கொண்டு, "யாரு, ஜெய்த்தூனா?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

"வா, உள்ள வா. உனக்குத் தெரியுமா? அத்தா கபர்ல பச்சிலை வச்சிருக்கான் அன்வரு. ஆறு மாசத்துக்கு ஒருதரம் போன் பண்றவன். என்னை மறந்துட்டான்னு நெனச்சேன். மறந்தா மறக்கட்டும், அத்தாவ மறக்கல பாரு. அது போதும் எனக்கு. உன் பச்சிலை வாசம் சுவரு தாண்டி வருமே, சின்னதுல அந்த வாசத்துலயே வளந்தவன்ல. அதான் அவனுக்கும் அதே தோணிருக்கு."

அவளுக்குக் காது மந்தம், சொல்வதென்றால் தெருவுக்கே கேட்கக் கத்த வேண்டும். அதனால் நான் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. டீ கொடுத்தாள், சீனியே இல்லை. குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 23

லத்தீப்.

"பிடுங்கி மாத்தி வச்சிரவாம்மா?"

"பூத்து நிக்கிற செடியப் பிடுங்குனா ரெண்டு நாள்ல தொங்கிரும். வேர் அறுந்துபோகும். அத விடு. விதைக்கு ஆகும். புதுசா ஒண்ணு தாரேன், இவருக்கு வை."

"வைக்கிறேன். எங்கன்னு சொல்லுங்க."

"அதான் மேக்கால, நெருஞ்சி மண்டிக் கெடக்குன்னியே."

"மேக்கால ஒண்ணா இருக்கு? உங்க வீட்டு ஆளுகளா வரிசையாக் கெடக்காங்க. எல்லாத்துலயும் நெருஞ்சி. கல்லுல பாத்தா எல்லாத்துலயும் 'சேக்' மட்டுந்தான் மிச்சம் இருக்கு, மீதி அழிஞ்சுபோச்சு. மறுபடியும் தப்பா வச்சேன்னா என்னையத்தான வைவீங்க? பேரச் சொல்லுங்கம்மா, கல்லத் தேச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சிருறேன்."

"சின்னவரு."

"சின்னவருன்னா? அவங்க அத்தாவுக்குச் சின்னவரா, அண்ணனுக்குச் சின்னவரா?"

"அண்ணனுக்கு."

"அவருக்கு எத்தன தம்பி?"

ஒரு தம்பி சின்ன வயதில் அம்மை கண்டு போனவர். அவரும் அந்த வரிசையில்தான் இருக்கிறார்.

"பேரச் சொன்னா முடிஞ்சுபோச்சு" என்றான் லத்தீப். எவ்வளவு லேசாகச் சொல்கிறான்.

கல்யாணத்தன்று என் அம்மா சொன்னது: புருஷன் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும். நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டபோது அடுத்த வீட்டுக்காரியைச் சொல்ல வைத்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது சீட்டைக் காட்டினேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. உர மூட்டையில் அச்சடித்திருந்ததைப் பார்த்து நானாக எழுத்துப் படித்தேன். முதலில் படித்த வார்த்தை யூரியா. அதற்குப் பிறகு எத்தனையோ எழுதியிருக்கிறேன். அந்தப் பேரை எழுதியதில்லை. வாயால் சொல்லாததைக் கையால் சொன்னால் மட்டும் என்ன வித்தியாசம்? இந்த நோட்டிலும் கிடையாது.

நான் என் பக்கத்தைக் காப்பாற்றினேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அப்படியும் போய்விட்டார். இதை யாரிடம் போய்க் கேட்பது?

ஜனவரி 27

இருப்பதிலேயே நல்ல தொட்டியை எடுத்து வைத்தேன். கதிர் விட ஆரம்பித்திருக்கிறது. கிள்ளவில்லை.

ஜனவரி 31

தொட்டியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு நானே போனேன்.

கபர்ஸ்தான் வாசலில் இறங்கினேன். உள்ளே ஆட்கள் செடி கொடி வெட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். இரும்புக் கதவுக்கு வெளியே நின்றேன். லத்தீப் வந்து தொட்டியை வாங்கிக்கொண்டான். ஜமாஅத் செயலாளர் அமானுல்லா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார்.

"என்னம்மா இது, பொம்பளைக இங்கிட்டு வரலாமா?"

"நான் உள்ளயா நிக்கிறேன்? ரோட்டுல நிக்கிறேன். ரோடு பஞ்சாயத்து ரோடு."

"இருந்தாலும் ஆம்பளைக வேலை செய்யிற எடம்..."

"ஆம்பளைக வேலை செஞ்ச லட்சணத்தப் பாக்கத்தான் வந்துருக்கேன். என் புருஷனுக்குக் குடுத்த செடிய ஊரே சேந்து அவங்க அண்ணனுக்கு வச்சு விட்டுருச்சு. நீங்க தினமும் அந்த வழியாப் போறீங்கள்ல? கண்ணு என்ன பண்ணுச்சு?"

அவர் திரும்பி வேப்ப மரத்துப் பக்கம் பார்த்தார்.

அங்கிருந்து வேப்ப மரம் தெரிந்தது. மரத்தடியில் பச்சையாக ஒரு புதர். அவ்வளவு தூரத்திலிருந்தும் வெள்ளைக் கதிர்கள் தெரிந்தன. நான் வளர்த்ததிலேயே நல்ல செடி அது. அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அந்தப் பக்கம் வெறும் சாம்பல் நிறத்தில் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அதில் எது என்று தெரியவில்லை.

லத்தீப் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மேடுகளுக்கு நடுவில் போனான். ஒரு இடத்தில் நின்று, "இதாம்மா?" என்று கத்தினான். எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் தள்ளிப் போய், "அப்ப இதா?" என்றான். முள் குத்தி ஒற்றைக் காலில் நின்றான். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அரிவாளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான்.

"பேரச் சொல்லுங்கம்மா!" என்றான் லத்தீப். "தொட்டி கனக்குது!"

கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எல்லார் மேலும் வந்தது. இவர் மேலும் வந்தது. ஒரு கல்லில் நாலு எழுத்து அழியாமல் படுத்திருக்க இந்த மனிதருக்குத் துப்பில்லையே என்று வந்தது.

"உதுமான்!" என்றேன். "சேக் உதுமான்! சேக் உதுமான் ராவுத்தர்!"

என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று நான் நினைக்கவில்லை. வேம்பில் இருந்த காக்காய்கள் எழுந்து பறந்தன. சிரித்தவன் குனிந்துகொண்டான்.

லத்தீப் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு கல்லாகக் கையால் தேய்த்தான். மண்ணைத் தட்டினான், எச்சில் தொட்டுத் துடைத்தான். பச்சிலைப் புதருக்கு ஒட்டினாற்போல, அதன் நிழலிலேயே இருந்த கல்லுக்கு வந்தான். முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தான்.

"துமான்னு இருக்கு! இந்தா இருக்கும்மா, இந்தா இருக்காரு!" கையைத் தூக்கி ஆட்டினான்.

சுற்றிக் கால் வைக்க இடமில்லாமல் நெருஞ்சி.

"வெட்டுடா அத!" என்றேன். "பாத்துக்கிட்டு நிக்கிற! வேரோட எடு!"

இரண்டு மூன்று பேர் யாரும் சொல்லாமலே போய் அவனோடு சேர்ந்து வெட்டினார்கள். அமானுல்லா தன் நாற்காலியைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே, என் பக்கத்தில் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்: குழி இன்னும் ஆழமாக, தொட்டி மண்ணோடு இறக்கு, அமுக்காதே, தண்ணீர் அடியில், தலையில் ஊற்றாதே. எல்லாம் சொன்னபடி செய்தான்.

"பெரியவர் செடி வெயில மறைக்குதேம்மா, கொஞ்சம் கழிச்சு விடவா?" என்றான்.

கேட்டான் பாருங்கள் கேள்வி. ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"மேக்கால சாஞ்ச கொப்ப மட்டும் வெட்டு. பூவத் தொடாத."

பிப்ரவரி 4

நேற்று பராஅத். ஊர் முழுக்கப் போய் வந்தது. லத்தீப் சொன்னான், இரண்டு கபருக்கு நடுவிலும் ஆட்கள் நின்று நின்று ஓதினார்களாம். இரண்டு பேருக்கும் சேர்த்தேதான் ஓதியிருப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க அங்கே சுவரா இருக்கிறது?

காலையில் சுபைதா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். தலை தெரியவில்லை, குரல்தான்.

"ஜெய்த்தூனு. இருக்கியா?"

"இருக்கேங்க்கா."

"நீ கபர்ஸ்தான் வாசல்ல போயி சத்தம் போட்டியாம்ல? ஊரே பேசுது. செடி ஒன்னோடதாம். ஆள் மாத்தி வச்சுட்டாய்ங்களாம்."

கையில் இருந்த தொட்டியைக் கீழே வைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அன்வரு ஒண்ணும் சொல்லலையா?"

இத்தனை வருஷமாக நான் காத்திருந்த கேள்வி மாதிரி இருந்தது. சொல்லிவிட்டால் தீர்ந்தது. நான் சத்தமாகச் சொன்னேன், அவளுக்குக் காது மந்தம்.

"சொல்லாம எப்பிடி? அவன்தான் எனக்குப் போன் பண்ணிச் சொன்னான். அத்தாவுக்கு ஒரு செடி வைங்க சின்னம்மான்னு. ஊருக்கு என்ன தெரியும்? பச்சிலை எங்கிட்டதான இருக்கு, வேற யாருகிட்டச் சொல்வான்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இந்த வயதில் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள். அந்தப் பயல் போன் பண்ணட்டும், வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 8

டம்ளரில் வைத்த தண்டுகள் எல்லாம் வேர் விட்டுவிட்டன. தொட்டிக்கு மாற்றினேன். இடம் போதவில்லை. வெயிலும் போதவில்லை.

சுபைதா சுவருக்கு மேலே கையை நீட்டினாள். முக்காலி போட்டு ஏறியிருக்கிறாள், விழுந்து தொலையப் போகிறாள் என்று அதட்டினேன்.

"ஒரு தொட்டிய இங்கிட்டுக் குடேன். காலைல வெயிலு இங்க சும்மாதான் விழுகுது. நீ எதுக்குத் தெருவுக்கும் வீட்டுக்கும் இழுக்குற? உதுமான் இருந்தாத் தூக்குவாரு."

என் வெயிலை எனக்கே தானம் கொடுக்கிறாள்! எடுத்துக்கொண்டது யார்? கேட்டால் கோழியைச் சொல்வாள். அவர் பேரை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள் என்றும் தோன்றியது. கொழுந்தன் பேரைச் சொல்லத் தடையில்லைதான்.

சின்னத் தொட்டி ஒன்றைத்தான் கொடுத்தேன். பெரியதைக் கொடுக்கவில்லை. கதிர் வந்தால் இரண்டு கணு கீழே கிள்ள வேண்டும் என்று மூன்று தடவை கத்திச் சொன்னேன். சரி சரி என்றாள்.

கிள்ள மாட்டாள். பூவைப் பார்த்தால் அவளுக்குக் கை வராது. உதுமானுக்கும் அப்படித்தான், ஒரு நாளும் கிள்ளியதில்லை. எல்லாம் நானேதான் கிள்ள வேண்டும். நாளைக்குத் தெரு வழியாகச் சுற்றிப் போய்ப் பார்க்கிறேன்.